தானாக வரையப்படும் செயல்திறன் வரைபடங்கள்: உருவாகும் விதமும் தவறும் இடங்களும்

ஒரு சர்வரின் சிபியு வரைபடத்தைப் பார்க்கிறீர்கள். இரவு 11 மணியிலிருந்து காலை 6 மணி வரை கோடு 30 சதவீதத்தில் அசையாமல் கிடக்கிறது. இதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். உண்மையிலேயே இரவு முழுக்க வேலை சீராக நடந்திருக்கலாம். அளவெடுக்கும் நிரல் 11 மணிக்கே நின்றுபோய், கடைசியாகக் கிடைத்த எண்ணையே படம் இழுத்துக்கொண்டு வந்திருக்கலாம். அல்லது சிபியு பலமுறை 100 சதவீதத்தைத் தொட்டு இறங்கியிருக்க, சராசரிக் கணக்கு அதையெல்லாம் கரைத்துவிட்டிருக்கலாம். மூன்றுக்கும் படம் ஒன்றுதான்.

குறித்த நேரத்துக்கு ஒருமுறை, யாரும் கைவைக்காமல் உருவாகும் வரைபடங்களின் அடிப்படைச் சிக்கல் இது. எண்களைக் கொடுத்தால் கோடு இழுத்துத் தரும் மென்பொருள்கள் ஏராளம். யாரும் பார்க்காத நேரத்திலும் சரியாக வரைவதும், தவறு நேர்ந்தால் அதைப் படத்திலேயே காட்டிக்கொடுப்பதும்தான் சிரமம். அதற்கு அளவெடுக்கும் இடத்திலிருந்தே கவனம் வேண்டும்.

## நேரலைத் திரை இருக்கும்போது படக் கோப்பு எதற்கு?

கிராஃபனா போன்ற கருவிகளில் இன்று வரைபடம் கண்ணெதிரே நகர்கிறது. சுட்டியை வைத்தால் எண் தெரிகிறது, இழுத்தால் நேரம் விரிகிறது. அப்படியிருக்க, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பிஎன்ஜி கோப்பு வரைந்து வைப்பது பழங்காலத்துப் பழக்கம் போலத் தோன்றலாம்.

ஆனால் அந்தத் திரை வேலை செய்ய வேண்டுமென்றால் தரவுத்தளம், அதைக் கேட்டு வாங்கும் சேவை, உள்நுழைவு, பிரவுசரில் ஓடும் நிரல் என எல்லாமே அந்தக் கணத்தில் நலமாக இருந்தாக வேண்டும். படக் கோப்புக்கு இவை எதுவும் தேவையில்லை. வரைந்து முடித்ததும் அது தனித்து நிற்கும். மின்னஞ்சலில் போகும், அறிக்கையில் ஒட்டிக்கொள்ளும், மந்தமான இணைப்பிலும் கைப்பேசியில் திறக்கும். கண்காணிக்கும் சர்வரே விழுந்துவிட்டாலும், வேறொரு இடத்துக்கு நகலெடுத்து வைத்த கடைசிப் படம் விழுவதற்குச் சற்று முன்பு நடந்ததைக் காட்டும். இன்னொன்றும் உண்டு. தரவுத்தளங்கள் பழைய அளவீடுகளை நாளடைவில் சுருக்கிவிடும் அல்லது அழித்துவிடும். அன்றைக்கே வரைந்து தேதியோடு சேமித்த படம், அன்று தெரிந்த நுணுக்கத்தோடு அப்படியே இருக்கும்.

இந்த முறையைப் பரவலாக்கிய மென்பொருள் எம்ஆர்டிஜி. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் உள்ள டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டோபியாஸ் ஓட்டிக்கர் அதை எழுதினார். அங்கே வெளியுலகுக்கு இருந்தது 64 கிலோபிட் இணைப்பு ஒன்றே. அது எவ்வளவு நிரம்புகிறது என்பதை எல்லாரும் தெரிந்துகொள்ள விரும்பினார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ரவுட்டரின் எண்களைப் படிப்பது, படம் வரைவது, அதை ஒரு வலைப்பக்கத்தில் வைப்பது: இவ்வளவுதான் அதன் வேலை. 1999-இல் அவரே வெளியிட்ட ஆர்ஆர்டிடூல், சேமிக்கும் பகுதியையும் வரையும் பகுதியையும் தனிக் கருவியாக்கியது. கேக்டை, முனின் போன்ற கண்காணிப்புக் கருவிகள் அதன்மேல் கட்டப்பட்டவை. கருவிகள் எத்தனையோ மாறிவிட்டன. அடியில் இருக்கும் கட்டமைப்பு மாறவில்லை.

## கட்டங்கள் நான்கு, கடிகாரம் ஒன்று

1. அளவெடுத்தல்: இயங்குதளத்திடமிருந்தோ கருவியிடமிருந்தோ எண்ணைப் படித்து வாங்குவது.
2. சேமித்தல்: அந்த எண்ணை நேரக் குறிப்போடு எழுதி வைப்பது, பழையவற்றைச் சுருக்குவது.
3. வரைதல்: சேமித்ததிலிருந்து ஒரு காலப்பகுதியை எடுத்துப் படமாக்குவது.
4. வெளியிடுதல்: படத்தைப் பார்ப்பவர்கள் கையில் கொண்டுபோய்ச் சேர்ப்பது.

இந்த நான்கையும் உரிய நேரத்தில் தட்டி எழுப்புவது ஒரு கடிகாரம்: லினக்ஸில் குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் க்ரான் அல்லது சிஸ்டம்டி டைமர் போன்றது. அளவெடுத்தலும் வரைதலும் ஒரே ஸ்கிரிப்டுக்குள் இருக்கக் கூடாது என்பது இதில் முதல் பாடம். இரண்டும் ஒன்றாக இருந்தால், எழுத்துரு காணாமல் போய் வரைதல் தடுக்கி விழும்போது அளவெடுப்பதும் நின்றுவிடும். தனித்தனியாக இருந்தால் படம் போனாலும் தரவு இருக்கும், பிறகு வரைந்துகொள்ளலாம். எடுக்காமல் விட்ட அளவு போனது போனதுதான்.

படம் விசித்திரமாக இருந்தால் பெரும்பாலோர் மூன்றாம் கட்டத்தைத்தான் தோண்டுவார்கள். கோளாறு பெரும்பாலும் முதல் இரண்டில் இருக்கும்.

## அளவெடுத்தல்: இரண்டு வகை எண்கள்

இயங்குதளம் தரும் எண்களை இரண்டாகப் பிரிக்கலாம்.

1. கேஜ். அந்தக் கணத்து நிலவரம். காலியாக உள்ள வட்டு இடம், வெப்பநிலை, திறந்திருக்கும் இணைப்புகள். வெப்பமானியைப் பார்ப்பது போல, பார்த்த நேரத்தில் உள்ளதே அளவு.
2. கவுண்டர். ஏறிக்கொண்டே போகும் எண். இதுவரை வந்த மொத்த பைட்டுகள், இதுவரை சிபியு உழைத்த நேரம். வண்டியின் கிலோமீட்டர் மீட்டரைப் போன்றது. ஒருமுறை மட்டும் படித்தால் வேகம் தெரியாது. இருமுறை படித்து, கழித்து, இடைப்பட்ட நொடிகளால் வகுக்க வேண்டும்.

லினக்ஸில் சிபியு பயன்பாடு இரண்டாம் வகை. ப்ராக் கோப்பகத்தில் ஸ்டாட் என்றொரு கோப்பு இருக்கிறது. சர்வர் துவங்கியதிலிருந்து சிபியு எந்தெந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவிட்டது என்பதை அது சொல்லும். அலகு, வழக்கமாக நொடிக்கு 100 துடிப்புகள். 4 கோர் கொண்ட சர்வரில் 60 நொடி இடைவெளியில் இருமுறை படித்தால், மொத்தம் 4 × 100 × 60 = 24,000 துடிப்புகள் கூடியிருக்கும். அதில் 18,000 சும்மா இருந்த நேரம் என்றால், மீதி 6,000. பயன்பாடு 25 சதவீதம்.

இங்கே இரண்டு கண்ணிகள் உண்டு. முதலாவது, அந்த 25 சதவீதம் நான்கு கோர்களும் மெதுவாக வேலை செய்ததாலும் வரலாம். ஒரே கோர் முழுக்க மாட்டிக்கொண்டு மற்ற மூன்றும் சும்மா இருந்ததாலும் வரலாம். இரண்டாவது நிலையில் பயனர்கள் தாமதத்தை உணர்வார்கள், படமோ அமைதியாக இருக்கும். கோர் வாரியாக இன்னொரு படம் வைத்திருப்பது நல்லது.

இரண்டாவது கண்ணி விஎம்ஸ்டாட் என்ற கருவியில் இருக்கிறது. அது காட்டும் முதல் வரி, சர்வர் துவங்கிய நாளிலிருந்து கணக்கிட்ட சராசரி. தற்போதைய நிலவரம் இரண்டாம் வரியிலிருந்துதான் வரும். ஸ்கிரிப்ட் எழுதியவர் முதல் வரியை மட்டும் எடுத்துக்கொண்டால், சர்வர் இரண்டு மாதமாக ஓடிக்கொண்டிருக்கும்போது, ஒரு மணி நேரம் முழுக்கத் திணறினாலும் கோடு அசையாது. தொடக்கத்தில் சொன்ன நேர்கோட்டுக்கு இது நான்காவது காரணமாகிறது.

நெட்வொர்க் கவுண்டர்களில் வேறு தொல்லை. எஸ்என்எம்பி (நெட்வொர்க் கருவிகளிடம் எண்களைக் கேட்டு வாங்கும் நெறிமுறை) வழியாகப் படிக்கும் பழைய கவுண்டர்கள் 32 பிட் அகலம் கொண்டவை. 4,294,967,295 வரை எண்ண முடியும், அதன்பின் மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 100 மெகாபிட் இணைப்பு முழு வேகத்தில் ஓடினால் நொடிக்கு 1 கோடியே 25 லட்சம் பைட். கவுண்டர் ஒரு சுற்று முடிக்க 343 நொடிகள்தான் ஆகும். 5 நிமிடத்துக்கு ஒருமுறை படித்தால் மயிரிழையில் தப்பிக்கலாம். அதுவே 1 கிகாபிட் இணைப்பு என்றால் 34 நொடிக்கு ஒரு சுற்று. 300 நொடிக்குள் எட்டு முறைக்கு மேல் சுற்றிவிடும். கழித்துப் பார்க்கும் மென்பொருளுக்கு எத்தனை சுற்று என்று தெரிய வழியில்லை. விளைவு, நெரிசலான நேரத்தில் போக்குவரத்து குறைவாகக் காட்டும் வரைபடம். இணைப்பு நிரம்ப நிரம்பப் படம் நல்ல செய்தி சொல்லும் என்பதால் இதை மிக ஆபத்தான பிழையாகவே கருதுகிறேன். 64 பிட் கவுண்டர்களைக் கேட்டு வாங்குவதுதான் தீர்வு. இன்றைய நெட்வொர்க் கருவிகளில் அவை உண்டு.

சர்வரை மறுதுவக்கம் செய்தாலும் கவுண்டர் பூஜ்யத்துக்குப் போகும். ஆர்ஆர்டிடூலில் கவுண்டர் வகையைத் தேர்ந்தெடுத்திருந்தால், எண் குறைந்ததைப் பார்த்ததும் அது சுற்று முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும். 300 கோடியில் இருந்த எண் மறுதுவக்கத்துக்குப் பின் 1 லட்சமாக வந்தால், இடையில் 129 கோடிக்கு மேல் பைட்டுகள் போனதாகக் கணக்குப் போடும். படத்தில் வானுயர ஒரு கூர்முனை எழும், உண்மையில் அப்படி எதுவும் நடந்திருக்காது. இதைத் தவிர்க்க டெரைவ் வகையைத் தேர்ந்தெடுத்து, குறைந்தபட்ச மதிப்பைப் பூஜ்யம் என்று வைப்பார்கள். எண் குறைந்தால் விடை எதிர்மறையாகும், அது எல்லைக்கு வெளியே என்பதால் 'தெரியாது' என்று பதிவாகும். மறுதுவக்கம் நடந்த இடத்தில் ஒரு சின்ன இடைவெளி மட்டும் தெரியும்.

பெயரை நம்பி ஏமாறும் அளவுகள் இரண்டைச் சொல்லிவிடலாம். லோட் ஆவரேஜ் என்பது சிபியு பயன்பாடு இல்லை. லினக்ஸில் அது சிபியுவில் ஓடும், அதற்காகக் காத்திருக்கும் செயல்களோடு, பெரும்பாலும் வட்டின் பதிலுக்காக உறைந்து நிற்கும் செயல்களையும் சேர்த்து எண்ணும். வட்டு மந்தமானால் சிபியு சும்மா இருக்கும்போதே லோட் 40-க்குப் போகலாம். அடுத்தது 'காலி' நினைவகம். லினக்ஸ் மீதமுள்ள ரேமைக் கோப்பு கேஷாக (படித்த கோப்புகளின் தற்காலிக நகல்களை வைக்கும் இடமாக) பயன்படுத்திக்கொள்வதால், நலமான சர்வரிலும் காலி நினைவகம் தரையோடு தரையாக இருக்கும். 2014-இல் வந்த 3.14 கர்னலிலிருந்து (கர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி), தேவைப்பட்டால் எவ்வளவு கிடைக்கும் என்ற மதிப்பீடு தனி எண்ணாகவே கிடைக்கிறது. வரைய வேண்டியது அதை.

## சேமித்தல்: சராசரி எதையெல்லாம் விழுங்கும்

ஆர்ஆர்டிடூல் அளவுகளைச் சேமிக்கும் ஆர்ஆர்டி கோப்பின் அமைப்பு, கட்டங்கள் போட்ட ஒரு வட்டம் போன்றது. புதிய அளவு வந்ததும் மிகப் பழைய கட்டத்தின்மேல் எழுதப்படும். கோப்பு எத்தனை ஆண்டு ஓடினாலும் ஒரே அளவில் இருக்கும். யாரும் கவனிக்காத ஒரு சர்வரில் மூலையில் ஓடவேண்டிய ஒன்றுக்கு இது பெரிய நிம்மதி.

ஒரு கோப்புக்குள் இப்படிப் பல வட்டங்கள் இருக்கும். எடுத்துக்காட்டாக:

1. 5 நிமிட அளவுகள் 600. இவை 50 மணி நேரத்துக்கு வரும்.
2. 30 நிமிடச் சராசரிகள் 600. பன்னிரண்டரை நாள்.
3. 2 மணி நேரச் சராசரிகள் 600. 50 நாள்.
4. ஒருநாள் சராசரிகள் 800. இரண்டு ஆண்டுக்கு மேல்.

மொத்தம் 2,600 எண்கள், ஒவ்வொன்றும் 8 பைட், ஆக 20,800 பைட். இரண்டு ஆண்டு வரலாறு சுமார் 20 கிலோபைட்டில் அடங்கிவிடுகிறது. இந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. ஒரு மணி நேரத்தில் 3 நிமிடம் சிபியு 100 சதவீதத்திலும், மற்ற 57 நிமிடம் 10 சதவீதத்திலும் இருந்ததாகக் கொள்வோம். ஒருமணி நேரச் சராசரி 14.5 சதவீதம். பயனர்களுக்கு எல்லாம் நின்றுபோன அந்த 3 நிமிடம் மாத வரைபடத்தில் ஒரு மேடாகக்கூடத் தெரியாது.

இதற்கு மருந்து, சராசரியோடு உச்ச மதிப்பையும் தனி வட்டத்தில் சேமிப்பது. சராசரியை நிரப்பிய பரப்பாகவும் உச்சத்தை மேலே மெல்லிய கோடாகவும் வரைந்தால், இரண்டுக்கும் உள்ள இடைவெளியே ஒரு செய்தி. அவை ஒட்டியிருந்தால் வேலை சீராக இருந்தது. விலகியிருந்தால் உள்ளே ஏதோ துள்ளியிருக்கிறது. கோப்பை உருவாக்கும்போதே இந்த முடிவை எடுக்க வேண்டும். உச்சத்தைச் சேமிக்காமல் ஆறு மாதம் ஓட்டிவிட்டு, பிறகு பழைய உச்சம் வேண்டுமென்று கேட்டால் கிடைக்காது.

உச்ச மதிப்பும் எல்லாவற்றையும் காப்பாற்றாது. 5 நிமிட இடைவெளியில் படித்த கவுண்டரிலிருந்து கிடைக்கும் ஒவ்வொரு எண்ணும் ஏற்கெனவே 5 நிமிடச் சராசரி. 20 நொடித் துள்ளல் அதற்குள்ளேயே கரைந்திருக்கும். கேஜ் வகையில் நிலைமை இன்னும் மோசம்: இரண்டு படிப்புகளுக்கு நடுவே ஏறி இறங்கிய எதுவும் பதிவாகவே ஆகாது. எனவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'எவ்வளவு குறுகிய நிகழ்வு நமக்கு முக்கியம்?' என்பது. ஒரு நிமிடத் திணறல் முக்கியமென்றால் அளவெடுப்பு 10 அல்லது 15 நொடிக்கு ஒருமுறையாவது நடக்க வேண்டும். லினக்ஸில் பரவலாக உள்ள சிஸ்ஸ்டாட் தொகுப்பு, மாற்றாமல் விட்டால் 10 நிமிடத்துக்கு ஒருமுறைதான் அளவெடுக்கும். திறன் திட்டமிடலுக்கு அது போதும். நேற்று மதியம் 2:13-க்கு ஏன் தளம் நின்றது என்று கேட்டால் அதனிடம் பதில் இருக்காது.

பதில் நேரத்தின் 95-ஆம் விழுக்காட்டு நிலை (நூற்றில் 95 கோரிக்கைகள் அதற்குள் முடிந்த நேரம்) போன்ற எண்களைச் சேமிப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். பன்னிரண்டு 5 நிமிட மதிப்புகளைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்தால் ஒரு மணி நேரத்தின் 95-ஆம் விழுக்காட்டு நிலை வராது. சராசரி எடுத்துச் சுருக்கும் எந்தச் சேமிப்பும் அந்த எண்ணைப் பொருளற்றதாக்கிவிடும்.

அளவு வராமல் போனால் என்ன செய்வது? ஆர்ஆர்டிடூலில் ஹார்ட்பீட் என்றொரு கால எல்லை உண்டு. அதற்குள் புதிய அளவு வரவில்லை என்றால் அந்தப் பகுதி 'தெரியாது' என்று பதிவாகும். 300 நொடி இடைவெளிக்கு 600 நொடி ஹார்ட்பீட் வைப்பது வழக்கம். ஒரு தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும், நீண்ட மௌனத்தைப் பொறுக்காது. சிலர் படம் அழகாக இருக்கட்டும் என்று இதை ஒரு நாளுக்கு நீட்டிவிடுகிறார்கள். நடுவில் பல மணி நேரம் அளவே வராவிட்டாலும், மீண்டும் வரும் முதல் எண்ணைக் கொண்டு அந்தக் காலம் முழுவதும் நிரப்பப்பட்டுவிடும். கோடு நேராக ஓடும், இடைவெளி மறைந்துபோகும்.

## வரைதல்: அச்சு, அகலம், இடைவெளி

ஆர்ஆர்டிடூல் தானே வரையும். 1986-இலிருந்து இருக்கும் நூபிளாட், பைத்தான் உலகின் மேட்பிளாட்லிப் ஆகியவை வேறு வழிகள். ஒரே ஒரு சர்வர் என்றால், சிஸ்ஸ்டாட்டோடு வரும் சாட்எஃப் கருவி சேமித்த அளவுகளை நேரடியாக எஸ்விஜி படமாக்கித் தரும், வேறெதுவும் நிறுவ வேண்டாம். கிராஃபனாவிலிருந்து படம் எடுக்க அதன் துணைக்கருவி, திரையில்லாமல் ஓடும் குரோமியம் பிரவுசரைப் பின்னணியில் திறக்கிறது. ஒரு படத்துக்கு ஒரு முழு பிரவுசர் என்பது நினைவகத்தில் கனமான சங்கதி. நூற்றுக்கணக்கில் படம் வேண்டுமென்றால் மற்றவற்றைத் தேடுவதே நல்லது.

எந்தக் கருவியாக இருந்தாலும் படத்தின் நேர்மையைத் தீர்மானிப்பவை சில அமைப்புகளே.

1. நிலைக்குத்து அச்சை நிலையாக வையுங்கள். சிபியுவுக்கு 0 முதல் 100. வட்டுக்கு 0 முதல் அதன் முழுக் கொள்ளளவு. நெட்வொர்க்குக்கு இணைப்பின் வேகத்தை ஒரு கிடைக்கோடாகப் போடுங்கள். அச்சைக் கருவியின் விருப்பத்துக்கு விட்டால், 2 சதவீதத்துக்கும் 3 சதவீதத்துக்கும் இடையிலான அசைவு மலையும் பள்ளமுமாகத் தெரியும். நாளைக்கு ஒரு கூர்முனை வந்தால் அதே அசைவு தட்டையாகிவிடும். நேற்றைய படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடத்தான் இவற்றைத் தினமும் வரைகிறோம். அச்சு மாறினால் அந்த ஒப்பீடே போய்விடும்.

2. படத்தின் அகலத்தைக் கணக்கிட்டுத் தேர்ந்தெடுங்கள். 720 பிக்சல் அகலத்தில் ஒரு நாளை வரைந்தால் ஒரு பிக்சல் 2 நிமிடம். 30 நாள் என்றால் ஒரு பிக்சல் சரியாக 1 மணி நேரம். ஓர் ஆண்டென்றால் ஏறத்தாழ 12 மணி நேரம். நொடிக்கு ஒருமுறை எடுத்த 86,400 அளவுகளை அந்த அகலத்தில் திணித்தால் ஒரு பிக்சலுக்கு 120 அளவுகள். அவற்றை எப்படிச் சுருக்குவது என்பதை நாம் சொல்லாவிட்டால் கருவி தன்னிஷ்டத்துக்குச் சுருக்கும். ஒவ்வொரு பிக்சலுக்கும் குறைந்தபட்சம், அதிகபட்சம், சராசரி மூன்றையும் எடுப்பதே பாதுகாப்பு.

3. இடைவெளியை இடைவெளியாகவே விடுங்கள். தரவு இல்லாத நேரத்தில் பூஜ்யம் வரைந்தால், சர்வர் ஓய்வாக இருந்தது என்று பொருளாகிவிடும். முந்தைய புள்ளியையும் அடுத்ததையும் கோட்டால் இணைத்தால், இல்லாத ஒன்றைக் கற்பனை செய்ததாகிவிடும். நூபிளாட்டில் தரவுக் கோப்பில் ஒரு வெற்று வரி இருந்தால் கோடு அறுந்து நிற்கும். மேட்பிளாட்லிப்பில் 'எண் இல்லை' என்ற மதிப்பைக் கொடுத்தால் அதேபோல அறும்.

4. எண்களையும் அச்சிடுங்கள். கடைசி, சராசரி, உச்சம் மூன்றும் படத்தின் அடியில் இருந்தால், கைப்பேசியில் சிறிதாகத் தெரியும்போதும் விவரம் கிடைக்கும்.

கோப்பு வகையைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம்: பிஎன்ஜி. ஜேபெக் மெல்லிய கோடுகளின் ஓரத்தைக் கலங்கடிக்கும். எஸ்விஜி பெரிதாக்கினாலும் தெளிவாக இருக்கும், ஆனால் பல மின்னஞ்சல் சேவைகள் அதைக் காட்டுவதில்லை. நிறங்களில் சிவப்பு, பச்சை என்ற இணையை மட்டும் நம்பாதீர்கள். அவற்றைப் பிரித்தறிய முடியாதவர்கள் கணிசமாக உண்டு. தமிழில் பெயர் போட விரும்புவோருக்கு ஒரு குறிப்பு. ஆர்ஆர்டிடூல் 1.3 பதிப்பிலிருந்து பேங்கோ என்ற எழுத்தமைப்பு நூலகத்தைப் பயன்படுத்துவதால், தமிழ் எழுத்துரு நிறுவியிருந்தால் கொம்பும் காலும் சரியான இடத்தில் விழும். சில கருவிகளில் அவை இடம் மாறிப் போகும். வரையும் சர்வரில் எழுத்துருவே இல்லையென்றால் வெற்றுப் பெட்டிகள்தான் வரும். உங்கள் கணினியில் சரியாக வந்தது என்பது போதாது, சர்வரில் வரைந்து பாருங்கள்.

## கடிகாரம்: க்ரானின் கண்ணிகள்

க்ரானில் '*/5 * * * *' என்று எழுதினால் 5 நிமிடத்துக்கு ஒருமுறை. எளிமைதான். ஆனால் கையால் ஓட்டும்போது பிரமாதமாக வேலை செய்த ஸ்கிரிப்ட், க்ரானில் போட்டதும் ஊமையாகிப்போவது மிகவும் சாதாரணம். காரணங்கள் பெரும்பாலும் இவைதான்:

1. க்ரான் கொடுக்கும் சூழல் வெறுமையானது. கட்டளைகளைத் தேடும் பாதை குறுகியது. கோப்புகளின் முழுப் பாதையையும் எழுத வேண்டும். திரையும் கிடையாது, திரையை எதிர்பார்க்கும் வரைகருவி அங்கேயே நின்றுவிடும்.
2. க்ரான் வரியில் '%' குறிக்குத் தனிப் பொருள் உண்டு: புதிய வரி. தேதியைக் கோப்புப் பெயராக்கும் கட்டளையில் அது வரும்போது கட்டளை பாதியில் அறுபடும். முன்னால் பின்சாய்கோடு போட வேண்டும், அல்லது கட்டளையை ஸ்கிரிப்டுக்குள் வைத்துவிட வேண்டும்.
3. '*/7' என்று எழுதினால் 7 நிமிடத்துக்கு ஒருமுறை என்று ஆகாது. 56-ஆம் நிமிடத்துக்குப் பின் அடுத்தது 0. அந்த இடைவெளி 4 நிமிடம். 60-ஐ மீதியின்றி வகுக்கும் எண்களை மட்டும் பயன்படுத்துங்கள்.
4. முந்தைய ஓட்டம் முடியுமுன் அடுத்தது தொடங்கலாம். சர்வர் திணறும் நேரத்தில் வரைதலும் மெதுவாகும், ஒன்றின்மேல் ஒன்று குவியும், திணறல் இன்னும் கூடும். எஃப்லாக் போன்ற பூட்டு இருந்தால், முந்தையது ஓடிக்கொண்டிருக்கும்போது புதியது விலகிப் போகும்.

சிஸ்டம்டி டைமரில் இவற்றில் சில தீர்ந்துவிடுகின்றன. ஒரே சேவையின் இரண்டு ஓட்டங்கள் மோதாது. சர்வர் அணைந்திருந்தபோது தவறிய ஓட்டத்தை, கேட்டுக்கொண்டால், மீண்டும் எழுந்ததும் ஓட்டும். பிழைச் செய்திகள் பதிவேட்டில் சேரும். பல சர்வர்கள் இருந்தால், எல்லாம் சரியாக 0-ஆம் நொடியில் எழுந்து சேமிப்பகத்தை மொய்க்காமலிருக்கச் சிறு தற்செயல் தாமதமும் சேர்க்கலாம்.

நேரத்தைச் சேமிக்கும்போது யுடிசி என்ற உலகப் பொது நேரத்தையோ, நொடிகளாக எண்ணும் யூனிக்ஸ் நேரத்தையோதான் பயன்படுத்த வேண்டும். உள்ளூர் நேரத்துக்கு மாற்றுவது படத்தின் அச்சில் மட்டும் நடக்கட்டும், எந்த மண்டலம் என்பதும் அங்கே அச்சாகட்டும். கோடைக்காலத்தில் கடிகாரத்தை மாற்றும் நாடுகளில் ஆண்டுக்கு ஒரு நாள் 23 மணி நேரம், ஒரு நாள் 25 மணி நேரம். உள்ளூர் நேரத்தில் சேமித்திருந்தால் ஒரு மணி நேரம் காணாமல் போகும், இன்னொன்று இருமுறை வரும்.

எத்தனை படம் என்பதையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். 100 சர்வர்கள், ஒவ்வொன்றுக்கும் 10 அளவுகள், நாள், வாரம், மாதம், ஆண்டு என 4 படங்கள்: 4,000. எல்லாவற்றையும் 5 நிமிடத்துக்கு ஒருமுறை வரைந்தால் நொடிக்கு 13-க்கு மேல். இதில் பெரும்பகுதி வீண். மாதப் படத்தில் புதிதாக ஒரு பிக்சல் சேரவே ஒரு மணி நேரம் ஆகிறதே. நாள் படத்தை 5 நிமிடத்துக்கும், வாரப் படத்தைக் கால் மணிக்கும், மாதப் படத்தை ஒரு மணிக்கும், ஆண்டுப் படத்தை நாளுக்கு இருமுறையும் வரைந்தால் நொடிக்கு 5-க்கும் குறைவாகிவிடும், பார்ப்பவர் எதையும் இழக்கமாட்டார். முனினும் ஆரம்பத்தில் எல்லாப் படங்களையும் க்ரானில்தான் வரைந்தது. யாராவது கேட்கும்போது மட்டும் வரையும் வழியும் அப்புறம் அதில் வந்தது.

மேட்பிளாட்லிப்பை நிற்காமல் ஓடும் ஒரே நிரலில் வைத்திருப்பவர்கள், வரைந்த ஒவ்வொரு படத்தையும் மூட வேண்டும். மூடாவிட்டால் அவை நினைவகத்தில் தேங்கும். 20-ஐத் தாண்டியதும் அது எச்சரிக்கும், ஆனால் அந்த எச்சரிக்கையைப் படிக்கப் பின்னணியில் யாரும் இருப்பதில்லை.

## வெளியிடுதல்: பழைய படம் என்ற பொய்

படத்தை நேரடியாக அதன் இறுதிப் பெயரில் எழுதாதீர்கள். எழுதிக்கொண்டிருக்கும்போதே யாராவது திறந்தால் பாதிப் படம் கிடைக்கும். அதே கோப்பகத்தில் தற்காலிகப் பெயரில் எழுதி, முடிந்ததும் பெயர் மாற்ற வேண்டும். ஒரே கோப்பமைப்புக்குள் பெயர் மாற்றம் ஒரே அடியில் நடப்பதால், பார்ப்பவருக்கு முழுப் பழைய படமோ முழுப் புதிய படமோ கிடைக்கும். வலையில் வைத்தால் பிரவுசரின் கேஷ் பழையதையே காட்டாதபடி, படம் எவ்வளவு நேரத்துக்குச் செல்லுபடியாகும் என்பதை வலைசர்வர் அனுப்பும் எச்டிடிபி தலைப்புகளில் சொல்லுங்கள். சர்வர் பெயர்களும் நெரிசல் நேரங்களும் வெளியாருக்குத் தேவையில்லாதவை. கடவுச்சொல்லுக்குப் பின்னால் வையுங்கள்.

இனி வருவது எல்லாவற்றிலும் முக்கியமானது. வரையும் நிரல் நின்றுபோனால் படம் அழிவதில்லை. நேற்று மாலை நலமாக இருந்த சர்வரின் படம், நலமாகவே, அதே இடத்தில் தொடர்ந்து காட்சி தரும். நேரலைத் திரை கெட்டால் பிழைச் செய்தியோ வெற்றுத் திரையோ வரும், கெட்டது உடனே தெரியும். படக் கோப்பு கெட்டால் அமைதியாக இருக்கும்.

ஆகவே ஒவ்வொரு படத்திலும் இரண்டு நேரங்கள் அச்சாக வேண்டும்: படம் வரைந்த நேரம், கடைசித் தரவு வந்த நேரம். ஒன்று மட்டும் போதாது. அளவெடுப்பு நின்று வரைதல் மட்டும் ஓடினால் முதல் நேரம் புதிதாக இருக்கும், இரண்டாவது பின்தங்கும். வரைதல் நின்றால் இரண்டுமே பழசாகும். எது நின்றது என்று படத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

மனிதக் கண்ணை மட்டும் நம்பாமல், படக் கோப்பின் மாற்றிய நேரத்தைப் பார்க்கும் தனிச் சோதனையும் வேண்டும். இரண்டு இடைவெளிகளுக்கு மேல் பழசாகிவிட்டால் அது எச்சரிக்கட்டும். அந்தச் சோதனை வேறொரு சர்வரில் ஓட வேண்டும். தான் செத்துவிட்டதைத் தானே சொல்ல எந்த சர்வராலும் முடியாது.

## அமைத்து முடித்ததும் உடைத்துப் பாருங்கள்

படம் அழகாக வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். ஒரு மணி நேரம் ஒதுக்கி, வேண்டுமென்றே கெடுத்துப் பார்த்தால்தான் அது நம்பத் தகுந்ததா என்பது தெரியும்.

1. அளவெடுக்கும் நிரலை 20 நிமிடம் நிறுத்துங்கள். படத்தில் வெற்றிடம் தெரிய வேண்டும், கடைசித் தரவின் நேரம் பின்தங்க வேண்டும். கோடு தொடர்ந்து ஓடினால் ஹார்ட்பீட்டையும் புள்ளிகளை இணைக்கும் அமைப்பையும் பாருங்கள்.
2. அளவெடுப்பை விட்டுவிட்டு, வரையும் வேலையை மட்டும் நிறுத்துங்கள். எச்சரிக்கை உங்கள் கைக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வரவேயில்லை என்றால் தொடர்வதற்கு முன் அதைச் சரிசெய்யுங்கள்.
3. சோதனைச் சர்வர் ஒன்றை மறுதுவக்கம் செய்யுங்கள். நெட்வொர்க் படத்தில் கூர்முனை எழக் கூடாது.
4. அதே சர்வரில் எல்லா கோர்களையும் 2 நிமிடம் முழுச் சுமையில் ஓடவிட்டு நிறுத்துங்கள். பின்பு நாள் படத்தையும், மறுநாள் வாரப் படத்தையும், அடுத்த மாதம் மாதப் படத்தையும் திறந்து, உச்சக் கோட்டில் அந்த 2 நிமிடத்தின் தடம் இருக்கிறதா என்று தேடுங்கள்.